கமராவுக்குக் கறுப்பும் தெரியாது, வெள்ளையும் தெரியாது

ஒளிப்படம்: வாசகர் கேள்வி – பதில்

காண்டாவன வெயில் தொடங்கிவிட்டால் இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே நோயைத்தான் சொல்லும். படம் வெளிறுகிறது, முகம் தெரியவில்லை, வானம் வெறும் கடதாசி போல இருக்கிறது. பரந்தனிலிருந்து மாங்குளம் வரை ஏ9 வீதியில் நண்பகலில் நடந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. கண்ணே கூசிச் சுருங்குகிற வெளிச்சம் அது. ஆகவே இம்முறை வெளிறல் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். லென்ஸில் பூஞ்சணம் பிடித்ததைப் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். மாரி வரட்டும், உங்கள் முறையும் வரும்.

*

கேள்வி: மாமா கனடாவில் தான் பாவித்த கமராவை எங்களுக்கு அனுப்பினார். கூடவே ஒரு 50 மி.மீ. லென்ஸும் வந்தது. தங்கையின் சாமத்தியவீட்டுக்கு முதல் நாள் இரவு வீட்டுக்குள் எடுத்த படங்கள் அழகாக வந்தன. மறுநாள் பகல் பதினொரு மணிக்கு முற்றத்தில், பந்தலுக்கு வெளியே எடுத்தவை எல்லாம் வெள்ளை. தங்கையின் முகமே இல்லை. கமரா பழுதா? மாமாவிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நான்கு படங்களை அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, விசுவமடு

பதில்: கூச்சப்பட ஒன்றும் இல்லை தங்கச்சி. மாமா நல்ல கமராவைத்தான் அனுப்பியிருக்கிறார். அதில் ஒரு பழுதும் இல்லை.

நீங்கள் படங்களை அப்படியே, சுருக்காமல் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. டிஜிட்டல் படம் ஒவ்வொன்றும் தன் சாதகத்தைத் தானே சுமந்துகொண்டு வரும். எந்த நேரம், எந்த லென்ஸ், எவ்வளவு ஒளி என்று எல்லாம் அதற்குள் இருக்கும். படச்சுருள் காலத்தில் நாங்கள் இதையெல்லாம் கொப்பியில் எழுதிவைப்போம். எழுத மறந்தால் முதலாளியிடம் திட்டு வாங்குவோம். உங்கள் முதல் மூன்று படங்களின் சாதகம் இது: ஐஎஸ்ஓ 1600, அப்பர்ச்சர் எஃப்/1.8, ஷட்டர் 1/4000 நொடி. இந்த மூன்று எண்களிலேயே விடை இருக்கிறது.

இரணைமடுக் குளத்தின் துருசை, தண்ணீர் திறந்துவிடும் மதகை, நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்தான் ஒளி. துருசை எவ்வளவு உயர்த்துகிறோம் என்பது அப்பர்ச்சர். எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது ஷட்டர். ஐஎஸ்ஓ தண்ணீரோடு சேர்ந்ததல்ல. வந்த தண்ணீரைப் பெருக்கிக் கணக்குக் காட்டுகிற கணக்கப்பிள்ளை அது. முதல் நாள் இரவு வீட்டுக்குள் ஒரு குழல் விளக்கு மட்டும்தான். தண்ணீர் போதவில்லை. ஆகவே துருசை முழுவதும் உயர்த்தி எஃப்/1.8இல் வைத்தீர்கள், கணக்கப்பிள்ளையிடம் பதினாறு மடங்காக எழுதச் சொல்லி ஐஎஸ்ஓவை 100இலிருந்து 1600க்குக் கூட்டினீர்கள். இரவுக்கு அது சரி. பிழை அடுத்த நாள் காலையில் நடந்தது. கமராவை அப்படியே எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டீர்கள். முற்றத்திலோ வெள்ளம்.

எவ்வளவு வெள்ளம் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். முன்பு படச்சுருள் பெட்டியின் உட்புறத்தில் சூரியன், முகில் எல்லாம் படமாகப் போட்டு ஓர் அட்டவணை அச்சிட்டிருப்பார்கள். அதன் சாரம் ஒரு வரிதான். முழு வெயிலில் அப்பர்ச்சரை எஃப்/16இல் வைத்தால் ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்குச் சமமாக இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 1600 என்றால் எஃப்/16இல் 1/1600 நொடி. நீங்கள் வைத்ததோ எஃப்/1.8. எஃப் எண் சிறுத்தால் துளை பெருக்கும். எஃப்/16இல் புகுவதைவிட எஃப்/1.8இல் ஏறக்குறைய 79 மடங்கு ஒளி புகும். ஷட்டர் 1/4000 ஆனதால் அதில் கொஞ்சம் குறையும். கூட்டிக் கழித்தால், தேவையான ஒளியைப்போல ஏறத்தாழ 32 மடங்கு. தங்கையின் முகம் அந்த வெள்ளத்தில்தான் போயிற்று.

'தானியங்கியில்தானே வைத்தேன், கமரா ஏன் சரிசெய்யவில்லை?' என்று கேட்பீர்கள். நீங்கள் வைத்தது பாதித் தானியங்கி. அதில் அப்பர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் நீங்கள் சொல்கிறீர்கள், ஷட்டரை மட்டும் கமரா தேர்கிறது. அது தன்னால் முடிந்த மட்டும் ஓடிப் பார்த்து 1/4000இல் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அந்தக் கமராவின் ஷட்டருக்கு அதற்கு மேல் வேகம் இல்லை. படம் எடுக்கும்போது கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடிக்குள் 4000 என்ற எண் மின்னி மின்னி அணைந்திருக்கும். வேறு சில கமராக்களில் 'ஹை' என்று காட்டும். அது கமரா கையெடுத்துக் கும்பிடுகிற இடம். அதைக் கண்டால் விரலை எடுத்துவிட வேண்டும்.

நான்காவது படம் வேறு கதை. முகத்தில் நிழல் விழுகிறது என்று பிளாஷை எழுப்பியிருக்கிறீர்கள். எண்ணம் சரியானது, உச்சி வெயிலில் கண்குழி கறுக்காமலிருக்க நானும் பிளாஷ் போடுவேன். ஆனால் உள்ளே பொருத்திய பிளாஷ் எழும்பிய உடனே இத்தகைய கமராக்களின் ஷட்டர் 1/200க்கு மேல் போகாது. ஷட்டர் திரை முழுவதும் திறந்திருக்கும் நேரத்தில்தான் பிளாஷ் அடிக்க முடியும். வேகம் கூடினால் திரை ஒரு கீற்றாகத்தான் நகரும். ஆகவே உங்கள் படத்தில் 1/4000ஆக இருந்தது 1/200 ஆயிற்று. தேவையைப்போல 600 மடங்குக்கு மேல் ஒளி. அது படமே இல்லை, வெறும் பாற்சோறு.

இனி வெயிலுக்கு இறங்கும் முன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல ஐஎஸ்ஓவை 100க்குக் கழற்றிவிடுங்கள். எஃப்/5.6, 1/800 ஏறக்குறையப் பொருந்தும். பிளாஷ் வேண்டுமென்றால் எஃப்/11, 1/200. பின்னணி மங்கலாக வர வேண்டும் என்ற ஆசையில் எஃப்/1.8ஐ விட மனம் வராதென்றால் வேப்பமர நிழலுக்குப் போங்கள். முழு வெயிலில் ஐஎஸ்ஓ 100இல் கூட எஃப்/1.8க்கு 1/8000 அளவு வேகம் வேண்டும். உங்கள் கமராவில் அது இல்லை.

அந்த நான்கு படங்களையும் மீட்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியாது. மூடி மறைத்துச் சொல்வதில் பயன் இல்லை. கறுத்த படத்தின் இருளுக்குள் ஏதாவது ஒளிந்திருக்கும், தோண்டலாம். வெளுத்த இடத்தில் தோண்ட ஒன்றுமே இல்லை. படச்சுருள் இதற்கு நேர்மாறு: நெகட்டிவ் ஒன்றிரண்டு படி ஒளி கூடினாலும் தாங்கும், குறைந்தால்தான் சாகும். அந்தக் காலத்துப் பழக்கத்தில் 'கொஞ்சம் கூட்டியே எடு' என்று இன்றும் சொல்லிக்கொடுக்கும் பெரியவர்கள் உண்டு. டிஜிட்டலில் அவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். நான் உட்பட, நான் அப்படிச் சொல்வதைக் கேட்டால்.

தங்கையை அதே சாரியோடும் மாலையோடும் ஒரு நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு அதே முற்றத்தில் நிறுத்தி எடுங்கள். பூமாலை புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

*

கேள்வி: எங்கள் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் அணிநடையைப் படமெடுத்தேன். ஐஎஸ்ஓ 100, கமரா தானியங்கியில். எண் எதுவும் மின்னியதாகவும் தெரியவில்லை. ஆனாலும் பல படங்களில் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை மடிப்பே இல்லாமல் ஒரே தகடாக இருக்கிறது. விசித்திரம் என்னவென்றால், அதே வரிசையை மறுபக்கம் நின்று எடுத்த படங்கள் நன்றாக வந்திருக்கின்றன.
– ஆசிரியர், மல்லாவி

பதில்: ஐயா, அந்த 'மறுபக்கம்' என்ற சொல்லுக்காகவே உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஒரு பக்கம் மைதானத்தின் ஓரம் அடர்ந்த மரங்கள் இருக்க வேண்டும், பாலையோ முதிரையோ. மறுபக்கம் வெளிறிய மணல் வெளி அல்லது தகரக் கூரை. சரிதானா? மரங்கள் பின்னால் வந்த படங்களில்தான் சீருடை போயிருக்கும்.

கமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்குப் பிள்ளை தெரியாது, சீருடை தெரியாது, மரம் தெரியாது. கறுப்பும் தெரியாது, வெள்ளையும் தெரியாது. தனக்கு முன்னால் இருப்பதெல்லாம் மொத்தத்தில் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம், விழும் ஒளியில் 18 வீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல், என்று அது முடிவுகட்டி வைத்திருக்கிறது. பெரும்பாலான காட்சிகளுக்கு அந்த முடிவு பொருந்திவிடுவதால்தான் நாம் அதை நம்பி வாழ்கிறோம். கரும்பச்சை மரங்கள் படச் சட்டத்தில் முக்கால் பங்கை நிறைத்தால் 'இருண்டு கிடக்கிறதே' என்று நினைத்து ஒளியைக் கூட்டும். மரம் சாம்பல் பச்சையாக வெளிச்சம் பெறும். நடுவில் வெள்ளைச் சட்டையோடு நடந்துபோகிற பிள்ளை எரிந்துபோகும்.

நேர்மாறாகவும் நடக்கும். ஆனையிறவு உப்பளத்தில் உப்புக் குவியலைத் தானியங்கியில் எடுத்துப் பாருங்கள், அடுப்புச் சாம்பல் குவித்ததுபோல வரும். முத்தையன்கட்டு வாய்க்காலில் படுத்திருக்கும் எருமையைச் சட்டம் நிறைய எடுங்கள், அதுவும் சாம்பல். உப்பையும் எருமையையும் ஒரே நிறமாக்கி வைக்கிற நீதிபதி அது. அதன் தீர்ப்பைத் திருத்தத்தான் கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தான் கமராவில் இருக்கிறது. பலர் அதை வாங்கிய நாளிலிருந்து தொட்டிருக்கமாட்டார்கள். இருண்ட பின்னணி என்றால் கழித்தல் 1 வைக்க வேண்டும். உப்பளம், கடற்கரை மணல் என்றால் கூட்டல் 1. வேலை முடிந்ததும் பூச்சியத்துக்குத் திருப்பிவிட வேண்டும். பழைய கமரா வாங்கியவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளர் கூட்டல் 2இல் விட்டுப்போன கமராவைப் பழுதென்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள்.

கழித்தல் வைத்தால் சீருடை வரும், முகம் கறுக்குமே என்பீர்கள். உண்மை. உச்சி வெயிலில் வெள்ளைச் சட்டைக்கும் தொப்பி நிழலில் இருக்கும் முகத்துக்கும் உள்ள தூரம் பெரிது. அப்போதும் சட்டையைக் காப்பாற்றுங்கள். முகத்தைப் பிறகு கணினியில் தூக்கலாம். கமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே வைக்கும் 'ரோ' முறை இருந்தால் அதில் எடுங்கள். சாதாரண ஜேபெக் படம் ஒவ்வொரு வண்ணத்தையும் 256 படிகளாகப் பிரித்து வைக்கிறது. 14 பிட் ரோ கோப்பில் 16,384 படிகள். தூக்குவதற்குப் பிடிமானம் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று. எடுத்த படத்தைத் திரையில் பார்த்து நல்லது கெட்டது தீர்மானிக்க வேண்டாம். வெயிலில் திரை தெரியவில்லை என்று அதன் வெளிச்சத்தைக் கடைசிவரை கூட்டி வைப்போம். பிறகு இருட்டறைக்குள் பார்த்தால் எல்லாப் படமும் வெளிறியதாகத் தெரியும். படத்தின் இருளையும் வெளிச்சத்தையும் மலைபோல வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வரைபடத்தைப் பாருங்கள்; இடப்பக்கம் இருள், வலப்பக்கம் வெளிச்சம். மலை வலப்பக்கச் சுவரில் முட்டி, சுவரோடு சேர்ந்து செங்குத்தாக நிற்கிறதென்றால் வெள்ளை போய்விட்டது. அதோடு, வெளுத்த இடங்களை மட்டும் கறுப்பும் வெள்ளையுமாகச் சிமிட்டிக் காட்டும் வசதியும் பல கமராக்களில் உண்டு. சூரியன் சிமிட்டினால் சிமிட்டட்டும். பிள்ளையின் சட்டை சிமிட்டக் கூடாது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். வெளிறல் எல்லாம் கமரா செய்வதல்ல. கல்யாண அல்பம் பார்க்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் சொல்வது 'பொம்பிளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தாருங்கள்' என்பதுதான். நம் வன்னி வெயிலில் வளர்ந்த பிள்ளையின் முகத்தைச் சுண்ணாம்பு அடித்த சுவராக்கிக் கொடுத்தால் மகிழ்ந்து போகிறார்கள். மூக்குத்தியின் நிழல் போய், கன்னத்தின் வளைவு போய், தாடையும் கழுத்தும் ஒன்றாகி, அது யாருடைய முகம் என்றே தெரியாமல் போன பிறகு 'இப்போதுதான் வடிவு' என்கிறார்கள். எல்லாவற்றையும் சாம்பலாக்கும் ஒளிமானியைக் குறை சொல்லி நான் இவ்வளவு எழுதினேன். இவர்களுக்கு என்ன எழுதுவது? நான் மறுத்துவிடுகிறேன். அந்த வேலைகள் அடுத்த சந்தியிலுள்ள ஸ்ரூடியோவுக்குப் போகின்றன. போகட்டும்.

*

கேள்வி: என் டிஜிட்டல் கமராவில் ஒவ்வொரு மூன்றாவது படமும் வெளிறுகிறது. ஒன்று சரி, ஒன்று இருட்டு, ஒன்று வெள்ளை. பேய் பிடித்ததுபோல இருக்கிறது.
– வாசகர், நெடுங்கேணி

பதில்: பேய் இவ்வளவு ஒழுங்காக எண்ணாது. 'பிரக்கெற்றிங்' என்ற அமைப்பு தெரியாமல் விழுந்திருக்கிறது. ஒரே காட்சியைச் சரியாகவும் குறைத்தும் கூட்டியும் மூன்று தரம் எடுப்பதற்கான வசதி அது. மெனுவில் தேடி நிறுத்துங்கள்.

*

கேள்வி: பழைய சிறிய கமரா ஒன்று வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் எடுத்தால் ஓரளவு நன்றாக வருகிறது. வெளியே எடுத்தால் வெள்ளை, அதன் மேல் ஊதாக் கோடுகள். காணொளி எடுத்தால் மட்டும் வெளியிலும் நன்றாக வருகிறது. நண்பர் ஒருவர் உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு கிழமை வேலை செய்தது.
– வாசகர், முள்ளியவளை

பதில்: உங்கள் நண்பர் வைத்தியர் அல்ல, ஆனால் நோயைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார். ஷட்டர் தகடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இத்தகைய கமராவில் படம் பதிந்ததும் லென்ஸுக்குள் இருக்கும் இரண்டு மெல்லிய தகடுகள் மூட வேண்டும். மூடிய இருட்டில்தான், ஒளியைப் பதியும் சென்சர் தான் பெற்ற ஒளியைக் கணக்கெடுத்து வெளியே அனுப்பும். தகடு மூடாவிட்டால் கணக்கெடுக்கும் நேரத்திலும் ஒளி கொட்டிக்கொண்டே இருக்கும். வெள்ளையும் கோடும் அதனால்தான். வீட்டுக்குள் கொட்டும் ஒளி குறைவாகையால் தப்பிவிடுகிறது. காணொளிக்கு அந்தத் தகடு தேவையே இல்லை, மின்னணு முறையில் நடக்கிறது. அதனால் அதுவும் தப்புகிறது.

உறுதிப்படுத்த வேண்டுமென்றால் பிளாஷை நிறுத்திவிட்டு, கமராவின் முகத்தை உங்கள் பக்கம் திருப்பி, லென்ஸுக்குள் பார்த்தபடி அமுக்குங்கள். உள்ளே கண் இமைப்பதுபோல ஓர் அசைவு தெரிய வேண்டும். இமைக்கவில்லையென்றால் அதுதான்.

இதை இன்னொரு நோயோடு குழப்ப வேண்டாம். 2005இல் பல கமராக் கம்பனிகள், தங்கள் சில மாதிரிகளில் சென்சருக்குள் உள்ள இணைப்பு வெப்பத்திலும் ஈரத்திலும் விட்டுப்போகிறது என்று ஒப்புக்கொண்டு இலவசமாக மாற்றிக் கொடுத்தன. அந்த நோயில் படம் நிறம் கெட்டு நெளியும் அல்லது முற்றாகக் கறுக்கும்; காணொளியும் கெடும். உங்கள் காணொளி நன்றாக இருப்பதால் அது இல்லை.

தட்டுவது மருந்தாகாது. முல்லைத்தீவுக் கடற்கரைக்கு இந்தக் கமராவைக் கொண்டுபோகும் பழக்கம் இருந்திருக்கும்; மணலும் உப்புக் காற்றும் நுழைந்தால் சிறிய கமராவின் தகடுகளுக்குக் கேடுதான். திருத்த லென்ஸ் பகுதியையே மாற்ற வேண்டிவரும். அதற்குக் கேட்கும் கூலி கமராவின் பெறுமதியைத் தாண்டிவிடும். காணொளிக் கமராவாக வைத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: கல்யாண வீடுகளுக்குப் படமெடுக்கிறேன். ஒரு லென்ஸ் மட்டும் அப்பர்ச்சரை முழுவதும் திறந்தால் சரியான படம் தருகிறது. எஃப்/8, எஃப்/11 என்று மூட மூட வெளிறுகிறது. இரண்டு கிழமைக்கு முன் கிரவல் வீதியில் மோட்டார் சைக்கிளிலிருந்து பை விழுந்தது உண்மை.
– வாசகர், பரந்தன்

பதில்: கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருக்கலாம் தம்பி.

நாம் பார்க்கும்போது லென்ஸ் எப்போதும் முழுவதும் திறந்தே இருக்கும், கண்ணுக்கு வெளிச்சம் வேண்டுமென்பதற்காக. அமுக்கும் கணத்தில்தான் அப்பர்ச்சர் துளையைச் சுற்றியுள்ள இதழ்கள் நாம் சொன்ன எஃப் எண்ணுக்கு மூடும். எஃப்/8க்கு மூடும் என்று நம்பிக் கமரா மற்றக் கணக்குகளைப் போடுகிறது. இதழ் மூடாமல் நின்றால் கணக்கு முழுவதும் பிழைக்கும். மூடச் சொன்ன அளவு கூடக்கூட வெளிறலும் கூடும். முழுவதும் திறந்து எடுக்கும்போது மூட வேண்டிய தேவையே இல்லை, ஆகவே படம் சரி. நீங்கள் எழுதிய அறிகுறி எழுத்துக்கு எழுத்து இதுதான்.

லென்ஸைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். சிறிய உலோக நெம்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகையானால் அதை விரலால் மெல்ல நகர்த்துங்கள். இதழ்கள் சட்டென்று திறந்து சட்டென்று மூட வேண்டும். நெம்பு வளைந்திருந்தால் அது விழுந்ததன் பயன். நெம்பு நேராக இருந்தும் இதழ் சோம்பலாக நகர்ந்தால், இதழில் எண்ணெய் படிந்திருக்கிறது. பூட்டிய வாகனத்துக்குள் கமராப் பையை வைத்துவிட்டுப் பந்திக்குப் போகிறவர்களுக்கு இது வரும். வெப்பத்தில் லென்ஸின் மசகு இளகி இதழுக்கு இறங்குகிறது. நெம்பு இல்லாத, மின்சாரத்தில் மட்டும் இயங்கும் லென்ஸ் என்றால் வீட்டில் சோதிக்க வேண்டாம். அவை பெரும்பாலும் வெளிறலோடு நிற்காமல் பிழைக் குறியும் காட்டி நின்றுவிடும்.

குறட்டால் நெம்பை நிமிர்த்த வேண்டாம். திருத்துகிறவரிடம் போகும்வரை அந்த லென்ஸை முழுவதும் திறந்தபடியே பாவியுங்கள். தாலி கட்டும் நேரத்தில் மட்டும் அதை நம்ப வேண்டாம்.

*

கேள்வி: வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு இரவு போகிறோம். போன வருடம் பிளாஷ் போட்டு எடுத்தபோது முன்னால் நின்றவர்களின் முகம் வெள்ளை, பின்னால் கோயில் கறுப்பு. என்ன செய்யலாம்?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: பிளாஷ் ஒளி தூரம் போகப் போக வெகு விரைவாகத் தேயும். ஒரு மீற்றரில் நிற்பவரின் முகத்தில் விழும் ஒளியில் பதினாறில் ஒரு பங்குதான் நான்கு மீற்றரில் நிற்பவருக்குக் கிடைக்கும். கோயிலுக்கு ஒன்றுமே போய்ச் சேராது. பிளாஷை நிறுத்தி, ஐஎஸ்ஓவை 1600 அல்லது 3200க்கு ஏற்றி, சோடனை விளக்குகளின் வெளிச்சத்திலேயே எடுங்கள். கைத்தொலைபேசி என்றால் முதலில் லென்ஸில் படிந்திருக்கும் விபூதியைத் துடையுங்கள்; பாதிப் பிரச்சினை அங்கேதான். பிறகு திரையில் விளக்கைத் தொட்டு, பக்கத்தில் வரும் சிறிய சூரியனைக் கீழே இழுத்துவிடுங்கள்.

மறுநாள் காலை வீட்டு முற்றத்தில் படமெடுக்கும் முன் ஐஎஸ்ஓவை இறக்க மறக்க வேண்டாம். விசுவமடுத் தங்கச்சியின் கதையை மேலே வாசித்திருப்பீர்கள்.

*

கேள்வி: அண்ணாவின் படம் எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. 2009இல் அம்மா சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்தது. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. எல்லா உறவினருக்கும் அனுப்புவதற்காகக் கைத்தொலைபேசியில் எடுத்தேன். எத்தனை தரம் எடுத்தாலும் முகத்தின் ஒரு பக்கம் வெள்ளை வெளிச்சம் விழுந்து மறைக்கிறது. அனுப்பியுள்ள பிரதியிலிருந்து அந்தப் பக்கத்தை மீட்டுத் தர முடியுமா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: இந்தப் பிரதியிலிருந்து முடியாது தங்கச்சி. அந்த வெள்ளையில் உங்கள் அண்ணாவின் கன்னம் இல்லை, யன்னல் வெளிச்சம்தான் இருக்கிறது. கணினியில் ஒரு கன்னத்தை வரைந்து ஒட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அது அண்ணாவுடைய கன்னமாக இராது. அம்மா உடனே கண்டுபிடித்துவிடுவார்.

ஆனால் படம் உங்கள் வீட்டில் நலமாக இருக்கிறது. கெட்டது பிரதி மட்டும்தான். ஆகவே திரும்ப எடுப்போம்.

கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். இத்தனை வருட ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கக் கூடும். உரித்தால் படத்தின் மேற்பூச்சு கண்ணாடியிலேயே நின்றுவிடும். அப்படி உரிந்து வந்த முகங்களை நான் கண்டிருக்கிறேன். சட்டத்தோடேயே எடுக்கலாம்.

பிளாஷை நிறுத்துங்கள். சட்டத்தை விறாந்தையில், வெயில் நேரே படாத இடத்தில், சுவரில் நிமிர்த்தி வையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும், உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வரக் கூடாது. கண்ணாடியில் தெரிவது உங்கள் பின்னால் இருக்கும் எதுவோ அதுதான்: யன்னல், வாசல், வெள்ளைச் சட்டை. ஆகவே உங்களுக்குப் பின்னால் கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு, நீங்களும் கறுத்த உடுப்போடு நில்லுங்கள். கைத்தொலைபேசியை மிக அருகில் கொண்டுபோகாமல் இரண்டடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். ஒன்றோடு நிறுத்தாமல் இருபது எடுங்கள். நல்லதைச் சுருக்காமல் இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.

அப்படியும் வரவில்லையென்றால் சட்டத்தைத் துவாயில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கிளிநொச்சிக்கு வாருங்கள். கரடிப்போக்குச் சந்தியில் இறங்கினால் நடந்து வருகிற தூரம்தான். அம்மாவையும் கூட்டி வரலாம், காலை பத்து மணிக்கு முன் என்றால் கடையில் சனம் இராது. கறுப்புத் துணி என்னிடம் இருக்கிறது.